யாரும் உதவக் கூடாத ஒரு நாள்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை சிறுவனாக. இரண்டாம் முறை என் மகள் படித்தபோது, அவள் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு. உண்மையைச் சொன்னால், பின்னக் கணக்கு எனக்கு இரண்டாவது முறைதான் புரிந்தது. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. கீரனூரில் ஏறினால் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் தேடி முடிப்பதற்குள் வந்துவிடும், அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் இதில் வருகிற எல்லோரையும் நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மகளுக்குப் பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கைகள் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. வார்த்தைகள் உடைந்து, எச்சிலோடு சேர்ந்து வரும். பழகாதவர்களுக்கு அவள் பேசுவது புரியாது. இங்கே அவள் பேச்சை நான் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது முழுதாகத்தான் கேட்கிறது. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. வாய்ப்பாடு கேட்டால் என்னை முந்திக்கொள்வாள்.

நான் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். அவளைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது திரும்பி வந்துவிட்டேன். என் மனைவி திருச்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பாவ நான் சேத்துக்கிறேன் பாய். நீங்க வேற எங்கயும் அலைய வேணாம். ஆனா கூடவே ஒரு ஆளு இருக்கணும். எங்கிட்ட ஆளு இல்ல," என்றார்.

அந்த ஆள் நானானேன். ரிப்பேர் கடையை மாலையில் மட்டும் திறந்தேன். மாலையில் மட்டும் திறக்கிற கடைக்கு யார் வருவார்கள் என்பது வேறு கதை.

வகுப்பில் அவள் கையும் நாக்கும் நான்தான். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன். டீச்சர் கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்வாள், நான் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் தப்பாகவே சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஒரு முறை ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்று அவள் சொன்னதை நான் ஐம்பத்தி ஆறு என்று திருத்திச் சொல்லிவிட்டேன். டீச்சர் 'வெரி குட்' என்றார். அன்று வீடு போய்ச் சேரும்வரை என்னோடு அவள் பேசவில்லை.

அவள் என்னை அத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் என்னை அத்தா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். விபூதி பூசியவன், சிலுவை போட்டவள், எல்லோருக்கும் நான் அத்தா. பென்சில் சீவ, ஜிப்பு சிக்கிக்கொண்டால் எடுத்துவிட, சண்டை விலக்க எல்லாவற்றுக்கும் நான்தான். ஒரே ஒரு காரியம் மட்டும் என்னால் முடியாதது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குள் நான் போக முடியாது. அதற்குச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடும். யாரும் அந்த அக்காவை அதற்கென்று போடவில்லை. நானும் கேட்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போகும்.

பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். அவள் பக்கத்தில் எப்போதும் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்காரும். நான் டீ குடிக்க வெளியே போனால் அந்தப் பெண்தான் என் இடத்துக்கு வரும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைக்கும், வாயைத் துடைத்துவிடும், அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்லும். பாதிக்கு மேல் சரியாகவே சொல்லும்.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததற்கு நடுவில் ஒரு பழக்கம் இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கு மேலதிகாரிகள் வரும் நாளுக்கு 'விசிட்' என்று பெயர். விசிட் என்று தெரிந்தால் தலைமையாசிரியை எனக்குப் போன் செய்வார்.

"பாய், நாளைக்கு விசிட்டுங்க. பாப்பாவ வீட்டுலயே வச்சுக்கங்க."

வகுப்பறையில் வெளியாள் உட்காரக் கூடாது என்பது விதி. அதிலும் நான் ஆம்பளை. என்னைப் பார்த்தால் 'இவர் யார்?' என்று கேட்பார்கள். நான் இல்லாமல் அவள் உட்கார முடியாது. ஆகவே விசிட் நாளில் நாங்கள் இருவருமே அந்தப் பள்ளியில் கிடையாது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நமக்காக விதியை மீறி இடம் கொடுத்த அம்மாவுக்கு நம்மால் கெட்ட பெயர் வரக் கூடாது என்றுதான் நினைத்தேன். மகளைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்து, துப்பட்டாவால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நார்த்தாமலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். நமக்கு நல்லது செய்தவரைக் காட்டிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஐந்தாம் வகுப்பு முடியப் போகும்போதுதான் தலையில் இடி விழுந்தது. ஆறாம் வகுப்புக்கு ஊரில் இருப்பது அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி ஒன்றுதான். மகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"இது கேர்ள்ஸ் ஸ்கூலுங்க. வயசுக்கு வந்த பிள்ளைக எல்லாம் இருக்குதுக. நீங்க கிளாஸ்ல உக்காரவே முடியாது."

"என் வீட்டுக்காரம்மா உக்காந்தா?"

"யாரா இருந்தாலும் பேரண்ட் உள்ள உக்கார விட மாட்டோங்க. கவர்மெண்டுல இருந்து உதவியாளர் போட்டுக் குடுத்தா நான் சந்தோசமா சேத்துக்கிறேன். இல்லாட்டி வீட்டுவழிக் கல்வின்னு ஒன்னு இருக்குல்ல? பேரு இங்க இருக்கும், பாப்பா வீட்டுல இருக்கும். டீச்சர் வந்து பாத்துட்டுப் போவாங்க."

வீட்டுவழிக் கல்வி எனக்குத் தெரியும். எழுந்து உட்காரவே முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்கு அது என்னவென்றால், வாரத்தில் ஒரு நாள் யாராவது வருவார்கள், மற்ற நாளெல்லாம் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் சண்டை போட ஒரு பிள்ளை இருக்காது. தப்பாகச் சொன்னால் சிரிக்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். வகுப்பில் உட்கார வைக்க ஒரு உதவியாள் கிடைத்தால் அவள் மாணவி. கிடைக்காவிட்டால் அவள் வீட்டில் கிடக்கிற பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோ அந்தப் பள்ளியின் பெரிய மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, இங்க லைப்ரரி தனி ரூம்ல இருக்காம்," என்றாள் வெளியே வரும்போது.

வட்டார வள மையத்துக்குப் போனேன். மாற்றுத்திறன் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்வது அந்த அலுவலகம்தான். அங்கிருந்த அதிகாரி என்னைவிடச் சின்னவர், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் இருந்தார். கேட்டதும் கம்ப்யூட்டரில் பார்த்தார். நான் பையிலிருந்து மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்து நீட்டினேன்.

"கார்டு இருக்குதுங்க பாய், அதுல பிரச்சனை இல்ல. கிளாஸ்ல ஆளு போடணும்னா, கிளாஸ்ல பாப்பாவால தனியா முடியலன்னு இருக்கணும். இங்க ஒவ்வொரு வருசமும் முடியுதுன்னுல்ல இருக்கு? கூடப் படிக்கிற பிள்ளைக உதவியோட இயல்பா இருக்காங்க, தனி ஆளு தேவையில்லன்னு ஸ்கூல்லயே குடுத்திருக்காங்க."

"அஞ்சு வருசமா நாந்தாங்க கூட உக்காந்திருந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க உக்காந்திருந்தீங்க?"

"கிளாஸ்ல."

"நான் அந்த ஸ்கூலுக்கு வந்திருக்கேனே. ஒங்கள நான் பாத்ததே இல்லையே பாய்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி சொல்வாள். அன்று வரவேயில்லை. ஒரு மாதிரி மரத்துப்போய் நின்றேன். அவர் பார்த்திருக்க முடியாது. அவர் வந்த நாளெல்லாம் நான் மகளைக் கட்டிக்கொண்டு நார்த்தாமலைப் பாறையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கோபம் பைக்கில் வரும் வழியில் வந்தது. நேராகத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையிடம் போனேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் பிள்ளையால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியுமா, இயல்பாக இருக்கிறாள் என்று எப்படி எழுதினீர்கள், உங்கள் பேரப்பிள்ளையாக இருந்தால் எழுதுவீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது.

"முடியலன்னு எழுதிருந்தா பாப்பாவ அப்பவே வீட்டுவழிக்கு மாத்திருப்பாங்க பாய். அதுக்குப் பயந்துதான் எழுதுனேன்."

"சரி, இப்ப எழுதிக் குடுங்க. நான்தான் கூட உக்காந்திருந்தேன்னு எழுதிக் குடுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "அஞ்சு வருசமா ஒரு வெளியாள, அதுவும் ஆம்பளய, கிளாஸ்ல வச்சிருந்தேன்னு நானே எழுதிக் குடுக்கணும். எனக்கு மே மாசம் ரிட்டயர்மெண்ட். பென்சன நிப்பாட்டிருவாங்க பாய்."

அவர் கணவர் படுக்கையில் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் இடம் கொடுத்திராவிட்டால் என் மகள் ஒன்றாம் வகுப்பையே பார்த்திருக்க மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்த முடியவில்லை. விடவும் முடியவில்லை. அவர் மேசையில் இருந்த பூகோள உருண்டையைச் சும்மா ஒரு தடவை சுற்றிவிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று வீட்டில் எனக்கும் மனைவிக்கும் சண்டை. அவள் என் மீது கோபப்பட்டதெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

"விசிட்டுன்னு போன் வந்தா மாப்பிள்ள மாதிரி கெளம்பிப் போனீங்கள்ல? எம்புள்ளக்கி முடியலன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அங்க நின்னிருக்கலாம்ல?" என்றாள். சொல்லிவிட்டு ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள், பிசைய வேண்டியதற்கு மேலும்.

அதற்கப்புறம் எந்த வாசலை விட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன், மனு சுற்றி அதே வட்டார வள மையத்துக்கே வந்து சேர்ந்தது. ஜமாத்தில் செல்வாக்குள்ளவர் ஒருவரைப் பிடித்தேன், அவர் ஒரு கவுன்சிலரைப் பிடித்தார், கவுன்சிலர் "பாத்துக்கலாம் பாய்" என்றார். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ராத்திரி மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் தூங்கிவிட்டாளா என்று பார்ப்பேன். தூங்கும்போதுகூட அவள் கைகள் இறுகித்தான் இருக்கும். அல்லாஹ்விடம் நான் அதிகம் கேட்கிறவன் இல்லை. அந்த நாட்களில் கேட்டேன், கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். எல்லாமே செய்து பார்த்தேன்.

கடைசியில் அந்த அதிகாரியே ஒரு வழி சொன்னார். நான் தினமும் போய் அவர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு நாள் நீங்க இல்லாம பாப்பா கிளாஸ்ல உக்காரட்டும். நான் நேர்ல வந்து காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் பாக்குறேன். பாத்தத எழுதுறேன். பழச நான் பேச மாட்டேன், எச்.எம். மேடத்துக்கும் பிரச்சனை வராது. எனக்கு அதுக்கு மேல அதிகாரம் இல்லைங்க."

எனக்கு உயிர் வந்தது. வாரம் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வருகிற சிறப்பாசிரியை ஒருவர் உண்டு. மகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவர், என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து பேசாமல் இருந்தவர், அவருடையதும் ஒப்பந்த வேலைதான். அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளைக சும்மா இருக்காதுக பாய். தண்ணி குடுக்கும், பைய எடுக்கும், வாயத் தொடச்சு விடும். சார் அதைப் பாத்தா என்ன எழுதுவாரு? கூடப் படிக்கிற பிள்ளைக போதும்னு மறுபடி அதேதான் எழுதுவாரு."

அவர் சொன்னது சரி என்று எனக்கு உடனே தெரிந்தது. ஐந்து வருடமாக நான் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், மனைவியின் தங்கை வந்து மகளை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினேன். தலைமையாசிரியை வராந்தாவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஒரு சார் வருவாரு. நாளைக்கு மட்டும் பாப்பாவுக்கு ஒருத்தரும் உதவி செய்யக் கூடாது. தண்ணி கேட்டாக் குடுக்கக் கூடாது. பென்சில் விழுந்தா எடுக்கக் கூடாது. அவ பேசுனா நீங்க திருப்பிச் சொல்லக் கூடாது. அப்பத்தான் பெரிய ஸ்கூல்ல அவளுக்கு ஒரு ஆளு போடுவாங்க."

எல்லாம் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தன. ஒரு பையன், "சும்மா வெளையாட்டுக்கா அத்தா?" என்றான். நான் இல்லை என்றேன். இரட்டைச் சடைக்காரி மட்டும் கேட்டது: "கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா நான் வந்துருவேன். நீ எந்திரிக்கக் கூடாது."

அதற்கப்புறம் சத்துணவுக் கூடத்துக்குப் போய் அந்த அக்காவிடமும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தது.

"நீங்கள்லாம் ஒரு தகப்பனா பாய்?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு நான் கொல்லைப் பக்கமே இருந்துக்கிறேன். கூப்புட்டாக் காதுல விழாது," என்றது.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தால் இயல்பாக இருக்க மாட்டாள், அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். அத்தாவுக்கு நாளைக்கு வெளியே வேலை இருக்கிறது, மத்தியானம் வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றாள். அவளுக்கென்ன, கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

மறுநாள் அவளை இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பள்ளிக்குப் பின்னால் சுற்றி வந்து, வகுப்பறைப் பின் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றேன். அதிகாரி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் பாடம் ஆரம்பித்தார்.

முதலில் நோட்டு. எல்லோரும் எடுத்தார்கள். மகள் பையைப் பார்த்தாள், இரட்டைச் சடையைப் பார்த்தாள். அந்தப் பெண் கரும்பலகையைப் பார்த்தது. மகள் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பவில்லை, ஆனால் காது சிவந்துபோனது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. மகள் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். தன் கையாலேயே பையை இழுக்கப் பார்த்தாள். பை சரிந்து உள்ளே இருந்ததெல்லாம் கொட்டியது. பென்சில் உருண்டு ஒரு பையன் கால்பக்கம் போனது. அவன் காலைத் தூக்கிக்கொண்டான், குனியவில்லை. டீச்சர் கேட்ட கேள்விக்கு மகள் பதில் சொன்னாள். சரியான பதில். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. டீச்சருக்கு அது புரியாதது மாதிரி அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். மகள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னும் சத்தமாக.

அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. தண்ணீர் கேட்டாள். ஒருத்தரும் அசையவில்லை. ஒரு சின்னப் பையன் டவுசரைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்தான். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் சத்துணவு அக்காவைக் கூப்பிட்டாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று அந்த வகுப்பில் அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அக்கா வரவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாவாடை நனைந்து, தரையில் ஓடி, கொட்டிக் கிடந்த நோட்டுகளுக்கு அடியில் போனது. அப்போதுதான் அவள் அழுதாள். வகுப்பே அவளோடு அழுதது. இரட்டைச் சடை இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் அழுதது. நான் சொன்ன சொல்லை அந்தப் பிள்ளை காப்பாற்றியது. எனக்கு ஜன்னல் கம்பியில் தலையை மோதிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நான் உள்ளே ஓடினேன். அதிகாரி என்னைத் தடுக்கவில்லை. "போதும் பாய். தூக்கிக்கங்க. நான் எழுதிர்றேன்," என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை.

அக்கா கொல்லையிலிருந்து ஓடி வந்து அவளைக் கழுவி, வேறு பாவாடை மாற்றிவிட்டது. வழக்கம்போலத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். அவள் தலை என் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. கண்மாய்க் கரைக்கு வந்தபோது கேட்டாள்.

"எல்லாரும் எம்மேல கோவமா அத்தா?"

பைக்கை நிறுத்திவிட்டேன். பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பொய் சொன்னால் இந்தப் பிள்ளைகள் தன்னை வெறுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆயுசுக்கும் இருப்பாள். ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் சொல்லிவைத்தேன், பெரிய பள்ளிக்கூடத்தில் ஆள் போடுவதற்காகச் சொன்னேன், அந்தப் பெண் பாவம் என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அவள் கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லார்ட்டயும் சொல்லிட்டு எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்றாள். "சொல்லிருந்தா நான் அழுகாமச் செஞ்சிருப்பேன்ல."

வண்டியை எடுத்தேன்.

ஆணை வந்தது. ஜூனில் வரவில்லை, ஜூலையில் வரவில்லை, காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் வந்தது. ஒரு நல்ல அம்மாவைப் போட்டார்கள். மகள் சொல்வதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். மகள் தனி அறையில் இருக்கிற லைப்ரரிக்குப் போகிறாள். இரட்டைச் சடையும் அதே வகுப்புதான், ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்திலேயே உட்காருகிறது. பிள்ளைகளுக்கு அது முடிகிறது.

ஆனால் அந்த ஆணை ஒரு கல்வி ஆண்டுக்குத்தான். அடுத்த வருடத்துக்கும் உதவியாளர் வேண்டுமென்றால், தேவை இன்னும் இருக்கிறதா என்று மறுபடி நேரில் பார்த்து எழுத வேண்டுமாம். மூளை முடக்குவாதம் முழுப்பரீட்சை லீவில் சரியாகப் போய்விட்டிருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். அதிகாரி போன் செய்து நாளைச் சொன்னார். அன்று மட்டும் அந்த அம்மாவை உள்ளே வர வேண்டாமென்று சொல்லிவிடுவார்களாம். இந்த முறை நான் மகளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் 'ம்' என்றாள். கூட்டாளிகளிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள்.

அந்தக் காலையில் சீருடை போட்டுத் தலை சீவி உட்கார வைத்ததும் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் கேட்டாள். வெயில் காலம்தானே என்று நினைத்தேன். மறுபடி கேட்டபோது, "போதும்மா, வயிறு முட்டிக்கும்," என்றேன்.

"இன்னிக்கு அந்த சார் வாராருல்ல," என்றாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியாது. நான்தான் அவள் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.